ஏழாம் கம்பம் நகர்ந்த கதை

எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றில் படகு போகாது என்றார்கள். முழங்கால் தண்ணீரில் போகும் தட்டையடிப் படகைக் கட்டி ஓட்டிக் காட்டினேன். சேற்றில் இறங்கினால் படிக்கிற பிள்ளைகள் இடுப்புவரை புதைந்துவிடுவார்கள் என்றார்கள். உடைந்த ஃபைபர் படகின் பக்கத்தை அறுத்து, மண்டியிட்டபடி வழுக்கிக்கொண்டு போகிற பலகை செய்தேன். மண் எடுக்கும் குழாய் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். போர்வெல் பைப்பையும் சைக்கிள் ட்யூபையும் வைத்து என் கையால் செய்தேன். அதிலிருந்து மண், குழல் புட்டு மாதிரி அலுங்காமல் வெளியே வரும். படகில் வருகிற பெண் பிள்ளைகள் ஆறு மணி நேரம் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். ஏன் என்று எந்தப் பேராசிரியருக்கும் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது. பின்பக்கம் தார்ப்பாய் மறைப்பு கட்டி, வாளி வைத்துக் கழிப்பறை அமைத்தேன். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலோடு வந்தார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், கருத்தில் கை வைக்காதீர்கள்.

கழிமுகத்திலும், அதற்கு வடக்கே ஏரிவரைக்கும் நீளும் பாதுகாக்கப்பட்ட பகுதியிலும் மாணவர்கள் செய்த ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்துப் புத்தகம் போடுகிறார்களாம். என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி முனைவர் தேன்மொழி போன் செய்தாள். "இன்னாத்துக்கு இப்போ?" என்றுதான் முதலில் கேட்டேன். முட்டி தேய்ந்து, படகை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனைத் திடீரென்று எழுதச் சொன்னால் சந்தேகம் வருமா, வராதா? "சொம்மா எழுது நைனா" என்றாள். சும்மா யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் இவள் கேட்டால் எழுதத்தான் வேண்டும். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு இவளுடைய படிப்பு போயே போயிருக்கும். அதில் என் பங்கு என்ன என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

தொழில் கற்ற வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதினான்கு வயதில் துறைமுகத்தில் கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டினேன். பிறகு காசிமேட்டில் ஃபைபர் படகு வார்க்கும் பட்டறை. பிறகு சொந்தப் படகு, சொந்த இன்ஜின். எல்லாரும் பட்ட கஷ்டம்தான்.

மாணவர்கள் என்று சொல்லிக்கொண்டு முதன்முதலில் என் படகில் ஏறியது இரண்டு பேர். நல்ல வெள்ளைச் சட்டை, முக்காலி, கறுப்புப் பெட்டி. கழிமுகத்தைப் பற்றிப் படிக்கிறோம் அண்ணே என்றார்கள். சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு நடத் தெரியவில்லை. நானே இறங்கி, பெருமையாக, ஒவ்வொன்றையும் நட்டுக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் அந்தக் குச்சிகளுக்கு உட்பட்ட இடம் முழுக்க லாரி லாரியாக மண் விழுந்தது. குப்பத்து ஜனங்கள் கையால் தடவி இறால் பிடிக்கும் இடம் அது. பனையோலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்த இடம் மேடாகிப் போனது.

கல்மண்டபத்தில் என் வீட்டு வாசலுக்கு ஆட்கள் வந்தார்கள். முன்னால் நின்றவன் எல்லப்பன். என்னோடு சேர்ந்து வலை இழுத்த தோஸ்து.

"அவனுங்கள இட்டாந்தது யாரு மாமு? நீதானே?"

"நான்தான். படிக்கிற பசங்கன்னு சொன்னானுங்கடா."

"இன்னா படிப்பு அது? நம்ம வூட்டு வாசல அளக்கற படிப்பா?"

இரண்டு வருஷம் குப்பத்து டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும்.

அதற்குப் பிறகு என் படகில் ஏறுகிற எவனுக்கும் நான்கு கேள்வி வைத்தேன். உன்னை அனுப்பியது யார்? நீ எழுதுவதை யார் படிப்பார்கள்? இங்கே எடுக்கிற மண் எங்கே போகும்? குச்சி நடுவாயா? பதிலை நம்பிவிட மாட்டேன். கல்லூரி அலுவலகத்துக்கு நானே போன் போட்டு, இப்படி ஒரு பையன் படிக்கிறானா என்று கேட்பேன். வனத்துறை அனுமதிக் கடிதத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து முத்திரையைப் பார்ப்பேன். செருப்பைப் பார்ப்பேன். சாப்பாட்டைப் பார்ப்பேன். மாணவன் என்றால் டப்பாவில் தக்காளி சாதம் இருக்கும், இல்லையென்றால் அடுத்தவன் டப்பாவில் கை இருக்கும். ஏசி ஓட்டல் பார்சலைப் பிரிக்கிறவன் மாணவன் இல்லை. இந்தச் சோதனையில் தோற்றுப்போன மூன்று கூட்டத்தைக் கரையிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பேராசிரியை கோமதி மேடம் வந்த கதை வேறு. நான்கு கேள்விக்கும் நின்றபடியே பதில் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்: "உங்க படகுல வேற யார் யார் ஏறுறாங்க? இங்க நாங்க என்ன எடுத்தோம்னு யார்கிட்ட சொல்லுவீங்க? படகு கழுவுற தண்ணி எங்க போகும்?" என் ஆயுளில் என்னையே சந்தேகப்பட்ட முதல் படித்த ஆள் அவர்தான். எனக்குப் பிடித்துப்போனது.

அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பென்சிலால்தான் எழுதுவார், நனைந்தால் மை ஓடிவிடுமாம். தண்ணீர் பிடிக்கும் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலச வேண்டும், நான்காவது தடவைதான் பிடிக்க வேண்டும். அலசியதை அவர் முதுகைக் காட்டிக்கொண்டே எண்ணுவார். "ரெண்டுதான் கேட்டுச்சு" என்பார், பிள்ளைகள் மறுபடி அலசுவார்கள். மண் பைக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. இதெல்லாம்கூடப் பெரிதில்லை. ஒரே மண்ணை யாருக்கும் தெரியாமல் இரண்டு பையாகப் பிரித்து, வேறு வேறு எண் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார். இரண்டுக்கும் ஒரே விடை வர வேண்டும். வராவிட்டால் அங்கே யாரோ வேலை செய்யாமல் தூங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எதற்கு எது ஜோடி என்பது அவருடைய பென்சில் நோட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒன்பது இடத்தில் சவுக்குக் கம்பம் நட்டோம். நட்டோம் என்ன, நான் நட்டேன். நுனியைச் சுட்டு, தார் பூசி, என் உயரத்துக்கு உள்ளே இறக்கினேன். மேலே மஞ்சள் தகட்டில் எண். மாதம் ஒருமுறை, தண்ணீர் வற்றும் நேரத்தில், கம்பத்தை ஒட்டிச் சதுரச் சட்டத்தை வைத்து நண்டு வளைகளை எண்ணுவார்கள், குழாயால் மண் எடுப்பார்கள். சேற்றில் ஏற்கெனவே இரண்டு கைபேசி போயிருந்ததால் கைபேசிக்குத் தடை. இடம் காட்டும் கருவி கல்லூரியில் ஒன்றே ஒன்று. அது ஆய்வு ஆரம்பிக்கும் நாளிலும் முடியும் நாளிலும்தான் வெளியே வரும். நடுவில் கம்பம்தான் சாட்சி, கம்பத்துக்கு வழி காட்டுவது நான்.

ஏழாம் கம்பம் தேன்மொழியின் பொறுப்பு. வனத்துறை பலகை வைத்த அலையாத்தித் திட்டுக்கு முன்னால் அது நின்றது. கல்லூரியில் ஆங்கிலம் பேசுகிற பெண், படகில் ஏறியதும் நம்ம பாஷைக்கு வந்துவிடுவாள்.

"என்னையும் நாலு கேள்வி கேப்பியா நைனா?"

"உன்ன அஞ்சு கேப்பேன். வூடு எங்க கீது?"

"எம்.கே.பி. நகரு."

"அங்கேர்ந்து வந்து சேத்துல இன்னா தேடுற?"

"நண்டு வளைய எண்றேன். எண்ணி எழுதினா டாக்டர் பட்டம் குடுப்பாங்க."

"நண்ட எண்ணா டாக்டரா? அப்போ எல்லப்பன் பெரிய ஆஸ்பத்திரியே நடத்தலாமே!"

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஐப்பசி பிறக்கும் முன்பு ஒரு நாள் கரை மேட்டில் நின்று பார்த்தேன். ஏழு, எட்டு, ஒன்பது. மூன்று கம்பமும் ஒன்றன் பின்னால் ஒன்றாக ஒளிந்து நின்றன. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பார்வையை ஓட்டினால், புதிதாக எழும்பியிருந்த ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் மூலையில் போய் முட்டியது. ஆராய்ச்சிக்காரன் கம்பத்தை எங்கே வேண்டுமானாலும் நடுவான், நேர்கோட்டில் நடுகிறவன் எல்லை போடுகிறவன். அந்த வாரம்தான் கோமதி மேடம் கரையில் ஒரு வெள்ளைக் காருக்குப் பக்கத்தில் நின்று, கோட்டு போட்ட ஒருவரோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனதும் பேச்சு நின்றது.

கேட்டால் உண்மை வராது. அதனால் சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். மறுநாள் நண்பகல், தண்ணீர் வற்றியிருந்தது, தனியாகப் போனேன். ஏழாம் கம்பத்தின் அடியில் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஆட்டினேன். நான் நட்டதைப் பிடுங்க எனக்கே ஒரு மணி நேரம் ஆனது. அதைத் தோளில் போட்டு, அறுபது தப்படி எண்ணி, திட்டைச் சுற்றி அதன் பின்பக்கம் கொண்டுபோய் நட்டேன். கோடு உடைந்தது. இவர்கள் எல்லை அளப்பவர்கள் என்றால், கோடு போச்சே என்று எவனாவது கத்திக்கொண்டு வருவான். அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

ஒருவனும் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் யாரும் கழிமுகத்தில் இறங்கவில்லை. மழை விட்டபோது வாய்க்கால்களின் போக்கே மாறியிருந்தது. நான் காட்டிய வழியில் வந்தார்கள், நான் காட்டிய கம்பத்தடியில் மண் எடுத்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு எல்லாத் திட்டும் ஒரே திட்டுதான். சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தேன். கத்தாமல் இருக்கிறார்களே, நல்லவர்களா, இல்லை நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரர்களா? முடிவுக்கு வர முடியவில்லை. நான்கு மாதம் ஓடிவிட்டது.

ஐந்தாம் மாதம் மேடம், தேன்மொழியை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தார். படகு நடுவில் போனதும் நோட்டைத் திறந்தார்.

"மழைக்கு முன்னாடி ஏழுல மேல்மண் பூரா அனல்மின் நிலையச் சாம்பல். இப்போ சாம்பலே இல்ல. பக்கத்துல எட்டுல இருக்கு, ஒன்பதுல இருக்கு. ஏழுல மட்டும் எங்க போச்சு?"

"எனக்கும் புரியல மேடம்."

"ஜோடிப் பை ரெண்டும் ஒரே விடை சொல்லுது. அப்போ ஆய்வகத்துல தப்பு இல்ல. மண்ணே வேற மண்ணு. கம்பம்வரைக்கும் போகப் பயந்து கரையோரமா அள்ளியிருக்க."

"கம்பத்துக்கிட்டதான் எடுத்தேன் மேடம்."

"பயந்தேன்னு சொல்லு, திரும்ப எடுத்துக்கலாம். பொய் சொன்னா இந்த ஆராய்ச்சியில உனக்கு இடம் கிடையாது. சனிக்கிழமைக்குள்ள எழுதிக் குடு."

தேன்மொழி அழவில்லை. என் பக்கம் திரும்பினாள். "நைனா, நீதானே இட்டுகினு போன. நீ சொல்லு. கம்பத்தாண்டதானே அள்ளினேன்?"

"கம்பத்தாண்டதான் மேடம் அள்ளுச்சு" என்றேன். சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைப்போல ஒரு அயோக்கியத்தனமான உண்மையை நான் வாழ்க்கையில் பேசியதில்லை.

மேடம் என்னைப் பார்த்தார். "நீங்க அவளுக்காகத்தான் பேசுவீங்க. ரெண்டு பேரும் ஒரே பக்கத்து ஆளுங்க." வேறு நாளாக இருந்தால் இந்தச் சந்தேகத்தை மெச்சியிருப்பேன். அன்று இன்னொரு யோசனை ஓடியது. இந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும், என் வாயிலிருந்து பிடுங்கத்தான் பெண்ணை முன்னால் நிறுத்தித் திட்டுகிறார் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு படகை ஓட்டினேன். தேன்மொழி கரை வரும்வரை மண்ணே எடுக்காத குழாயை அலசிக்கொண்டே இருந்தாள். அது மேடமும் அவளும் பேசிவைத்துச் செய்கிற நடிப்பு இல்லை.

சாயங்காலம் டீக்கடையில் எல்லப்பனிடம் சொன்னேன். அப்போது எங்களுக்குள் சமாதானமாகி வெகுநாள் ஆகியிருந்தது.

"சொல்லாத மாமு" என்றான். "அது போர்டு வச்ச எடம். கம்பத்தப் புடுங்குனேன்னா கேஸு ஆய்டும். காலேஜுக்காரன் எவனும் உன் போட்டுல ஏற மாட்டான்."

"அந்தப் பொண்ணு?"

"வேற வேலைக்கிப் போவும். நண்ட எண்றதெல்லாம் ஒரு பொயப்பா?"

"அன்னிக்கு என் வூட்டாண்ட வந்து, நீதானே இட்டாந்தேன்னு கேட்டல்ல? நான் இல்லேன்னு சொன்னனா?"

"சொல்லல."

"இப்பவும் நான்தான்டா இட்டுகினு போனேன்."

எல்லப்பன் கிளாஸைக் கீழே வைத்தான். "அப்போ இன்னாத்துக்கு என்னாண்ட கேக்குற? போய்ச் சொல்லு. போட்டு போச்சுன்னா என்னோட வலைக்கி வா. ஆனா ஒண்ணு, உன் பேச்ச யாரு நம்புவாங்க?"

சரியான கேள்வி. வாயால் சொன்னால் அந்த அம்மா நம்ப மாட்டார், தேன்மொழியைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்பார். கையில் காட்ட வேண்டும். மேடத்துக்குப் போன் போட்டேன். "இடம் காட்டுற கருவியோட வாங்க மேடம். அந்தப் பொண்ணும் வரட்டும்" என்றேன். "எதுக்கு?" என்றார். "வந்து பாருங்க" என்றேன். வந்தார்.

திட்டின் முன்பக்கம் படகை நிறுத்தினேன். பழைய இடம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். பலகையில் மண்டியிட்டுப் போய் என் குழாயை இறக்கினேன். முதல் தடவை சாதாரணச் சேறு. இரண்டாம் தடவையும் அதே. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் தடவை குழாயிலிருந்து வந்த மண்ணில் ஒரு பாதி வரிவரியாகக் கெட்டியாக இருந்தது, மறுபாதி கொழகொழவென்று மழைச்சேறு. இரண்டுக்கும் நடுவே கம்பத்தின் தார், கறுப்பாக வில்போல வளைந்து ஒட்டியிருந்தது. கம்பம் நின்ற குழி. பிறகு மேடமும் ஒரு பலகையில் மண்டியிட்டு வந்து கருவியைப் போட்டுப் பார்த்தார். முதல் நாள் எழுதிய இடம் இதுதான் என்று அது சொன்னது.

"கம்பத்தப் புடுங்கி அந்தாண்ட நட்டது நான்தான் மேடம். இந்தப் பொண்ணு, கம்பம் இருந்த எடத்துலதான் அள்ளுச்சு."

"ஏன்?"

"மூணு கம்பமும் நேர்கோட்டுல நின்னுச்சு. கோட்டப் புடிச்சுகினு போனா அந்தச் செவுரு. கார்காரரோட வேற பேசிகினு இருந்தீங்க."

"அது என் தம்பி. பிரஷர் மாத்திரை கொண்டு வந்தான்." சொல்லிவிட்டு அவர் பலகையிலேயே திரும்பி, குழிக்குப் பின்னால் போய், ஒரு கண்ணை மூடி எட்டையும் ஒன்பதையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "சுவர்லதான் போய் நிக்குது" என்றார். "நட்ட அன்னிக்கே நான் இதைப் பாத்திருக்கணும்." பென்சிலை எடுத்தார். "எந்தத் தேதி? எத்தனை மணி? எத்தனை தப்படி?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். எழுதி முடித்ததும் தேன்மொழியிடம், "தப்பு என்னுது, மன்னிச்சிடு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பாட்டிலை நீட்டி, "மூணு தடவை" என்றார்.

கரையில் ஷேர் ஆட்டோ வந்து நின்ற பிறகுதான் தேன்மொழி என்னிடம் வாயைத் திறந்தாள்.

"நாலு மாசம் ஏன் நைனா சொல்லல?"

"நீங்க யாருன்னு தெரியணும்ல."

"தெரிஞ்சுதா?"

கேட்டுவிட்டு அவள் ஏறிப் போய்விட்டாள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. திட்டுக்கு முன்னால் சாம்பல், அறுபது தப்படி தள்ளிப் பின்னால் சாம்பல் இல்லை, நண்டு வளை இரண்டு மடங்கு. அலையாத்தித் திட்டு சாம்பலைத் தடுத்து நிறுத்துகிறது என்று அதிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள். பழைய குழியில் பத்தாவதாக ஒரு கம்பம் நட்டு, இரண்டு இடத்தையும் ஒரு வருஷம் ஒப்பிட்டார்கள். தேன்மொழியின் பட்டத்துக்கு அதுதான் முதுகெலும்பு. அந்தத் திட்டை வெட்டக் கூடாது என்று யாராவது வாதாட வேண்டுமானால், இன்றைக்கு அந்தக் கணக்கைத்தான் எடுத்து நீட்ட வேண்டும். பின்பக்கத்தில் கம்பம் நட வேண்டும் என்று எந்தப் படித்தவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

இந்தக் கட்டுரை எழுத உதவியாக இருக்கும் என்று, அச்சுக்குப் போகும் பக்கங்களைத் தேன்மொழி அனுப்பி வைத்தாள். தமிழில்தான் இருக்கிறது, எழுத்துக் கூட்டி முழுதும் படித்தேன். ஏழாம் கம்பத்தைப் பற்றி ஒரு வரி வருகிறது: "மழைக்கால நீரோட்டத்தால் கம்பம் இடம்பெயர்ந்தது." உடனே போன் போட்டேன்.

"இன்னாமா இது, நீரோட்டம்?"

"மேடம்தான் அப்டி எழுதச் சொன்னாங்க நைனா. உனக்கு கேஸு கீஸு வந்துரக் கூடாதுன்னு."

"என் பேர மறைக்கிறீங்களா, காப்பாத்துறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான் நைனா, வுடேன்."

விட மாட்டேன். இப்போது என்னிடம் படகு இல்லை, இழக்க ஒன்றும் இல்லை. வனத்துறையிலிருந்து கேட்டால் வந்து பதில் சொல்கிறேன். படித்தவர்களே, யோசித்துப் பாருங்கள். நான் நட்ட கம்பத்தை எந்த வெள்ளமும் பிடுங்கியதில்லை. பிடுங்கினாலும், திட்டைச் சுற்றி வளைந்து போய், நெட்டுக்குத்தாக நிறுத்தி, எண் தகடு கரையைப் பார்க்கும்படி திருப்பி நட நீரோட்டத்துக்கு எங்கே தெரியும்? இதை நம்புகிறவர்கள் எழுதிய மற்ற கணக்கை நான் எப்படி நம்புவது?

அந்த வரியை எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்: "படகோட்டி ராயபுரம் சூசைராஜ், எங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல், யாரிடமும் கேட்காமல், ஏழாம் கம்பத்தைப் பிடுங்கி அறுபது தப்படி தள்ளி நட்டார். அதனால் ஒரு மாணவிமேல் வீண் பழி வந்தது. அதனால்தான் இந்தக் கண்டுபிடிப்பும் வந்தது." மூன்று வாக்கியமும் வேண்டும். நடுவில் உள்ளதை மரியாதைக்காக எடுத்துவிட வேண்டாம். போட்டுவிட்டோம் என்று போனில் சொன்னால் நம்ப மாட்டேன். அச்சான பக்கத்தைக் கொண்டுவந்து என் கண்ணில் காட்டுங்கள்.